சும்மா இருக்கும் வைத்தியம்

செவ்வாய், இரவு

அறுவை மூக்கில், வீங்குவதோ கண். வளைந்திருந்த நடுத்தண்டை நேராக்கியதோடு, பக்கவாட்டு எலும்பையும் வெட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்த வெட்டில் கசியும் ரத்தம் இளக்கமான இடத்தில் போய்த் தேங்கும். முகத்தில் இமையை விட இளக்கமான தோல் ஏது? தலையை உயர்த்தியே படுக்கச் சொன்னார் டாக்டர். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறேன்.

புதன்

காலையிலேயே அத்தை வெந்நீரும் துணியுமாக வந்து நின்றார். “ரத்தக்கட்டுக்குச் சூடுதாம்மா கேக்கும்.”

“இப்ப சூடு வச்சா ரத்தக்குழாய் விரியும் அத்தை. இன்னும் கசியும்.”

முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம்தான். ஃப்ரீசரில் இருந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, கண்ணோரத்திலும் கன்னத்திலும் பத்து நிமிடம் வைத்து எடுக்கிறேன். ஐஸை வெறும் தோலில் வைத்தால் புண்ணாகிவிடும். மூக்குக் கட்டின் மேல் எந்தப் பாரமும் கூடாது.

வியாழன்

இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டாம், மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் பதற்றம் இல்லை. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. மூக்கைச் சிந்தக் கூடாது, குனிந்து கோலம் போடக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும் என்பதால் ஊறுகாயும் அப்பளமும் இலையை விட்டுப் போயின. எல்லாமே ‘கூடாது’கள், அத்தைக்குக் கை துறுதுறுக்கிறது.

சனி

பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு காபி கொண்டுவந்த இவரைப் பார்த்தார். “ஆபரேஷன்க்கா” என்றார் இவர், யாரும் கேட்காமலே.

கருநீலத்தின் ஓரம் பச்சையாகிவிட்டது. தேங்கிய ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடம்பு உடைக்கும்போது முதலில் பச்சை நிறமியான பிலிவெர்டின், அடுத்து மஞ்சள் நிறமியான பிலிருபின். கறை கன்னத்துக்கு இறங்கியிருக்கிறது. புவியீர்ப்பு இழுக்கிறது, அவ்வளவுதான். புதிதாக அடி எதுவும் படவில்லை.

செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சுற்றிய கறை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடுமாம். மூக்கு நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். மூக்குக் கண்ணாடி சில வாரங்களுக்கு மூக்கில் அழுந்தக் கூடாது. டேப் போட்டு நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்வை மங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஓடி வரச் சொன்னார் டாக்டர். “மத்ததை உடம்பே பாத்துக்கும். நீங்க குறுக்கே போகாம இருந்தா போதும்.”

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: “அப்ப நான் என்னதாண்டி செய்யட்டும்?”

“உப்பைக் குறைச்சு ஒரு மிளகு ரசம் வைங்க அத்தை.”