சுவரில் மோதியவை போட்ட வழி

பெர்லின் நகர மையத்திலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் வான்ஸே. பெரிய ஏரி, பாய்மரப் படகுகள், கரையெங்கும் மரங்கள். படகில் போகலாம் என்று நான் நினைத்தால், அங்கே இயற்பியல் படிக்கும் என் அக்கா மகள் பஸ்ஸில் ஏற்றினாள். இறங்கியது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில்!

"அனுமதி இல்லாம உள்ள விடமாட்டாங்க சித்தி. வெளியே நின்னே கதை சொல்றேன்" என்றாள்.

1959-ல் தொடங்கிய ஹான்-மைட்னர் நிலையம் அது. இன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் என்று பெயர். 2002-ல் ஸ்டோல்டர்ஃபோட் குழுவினர் இங்கே செய்த சோதனை ஒன்று இயற்பியலாளர்களையே ஆச்சரியப்படுத்தியது.

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிக் காட்டினாள். அதே வகை பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய தாள். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதில் குறுக்களவு 100 நானோமீட்டர் உள்ள துளைகள். நம் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெலிந்தவை. ஒரு மில்லிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள், அதே விகிதம்தான். கொஞ்சம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் தெரியாது.

அந்தத் துளைகளுக்குள் நியான் அயனிகளைச் செலுத்தினார்கள். ஏழு எலெக்ட்ரான்களை இழந்த அணுக்கள் அவை. தாளை 20 டிகிரி வரை சாய்த்தும், அயனிகள் துளையின் போக்கிலேயே திரும்பி வெளியே வந்தன. சுவரைத் தொட்டிருந்தால் எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டிருக்கும். ஆனால், பெரும்பாலானவை போன மின்னூட்டத்தோடே வந்தன. அதாவது, சுவரில் படவே இல்லை!

எப்படி? முதலில் போன அயனிகள் சுவரில் மோதி, தங்கள் மின்னூட்டத்தை அங்கேயே விட்டுவிடுகின்றன. உலோகமாக இருந்தால் அது உடனே ஓடிவிடும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் தங்கிவிடுகிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? பின்னால் வருபவற்றை அந்தச் சுவரே தள்ளி, வழி திருப்பிவிடுகிறது.

ஜப்பானின் ரைகன் ஆய்வகத்தில், கூராக இழுத்த கண்ணாடிக் குழாய் வழியாக அயனிகளை அனுப்பி, உயிருள்ள செல்லின் ஒரு புள்ளியை மட்டும் தொடும் முயற்சிகளும் பிறகு நடந்தன.

"இந்த வளாகத்துக்கு யார் பேர் தெரியுமா? லீஸ மைட்னர்" என்றாள். 1907-ல் பெர்லினுக்கு வந்தபோது, பெண் என்பதால் அடித்தளத்திலிருந்த பழைய தச்சுப் பட்டறையில்தான் அவருக்கு இடம் கொடுத்தார்கள். மாடியிலுள்ள ஆய்வகங்களுக்குப் போகக்கூடாது! 1926-ல் ஜெர்மனியின் முதல் பெண் இயற்பியல் பேராசிரியரானார். யூத வம்சாவளி என்பதால் 1938-ல் நாட்டைவிட்டே தப்பியோட வேண்டியிருந்தது.

"வர்ற திங்கள்கிழமையிலேர்ந்து எனக்கு இங்கதான் பயிற்சி, சித்தி."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறாள். பட்டறைக் கதவை யாரும் காட்டாமல், இந்த வாசல் வழியாகவே இவள் உள்ளே போவாள். பெயர்ப்பலகையின் கீழே அவளை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன், அக்காவுக்கு அனுப்ப.