கடைப்பெயரும் ஆலையின் கையும்

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு அடிக்கடி வந்துசேரும் ஒரு ரகம் உண்டு. குழலில் செய்த ஆலையின் பெயர் இருக்காது. விற்ற கடையின் முத்திரைதான் இருக்கும். சியர்ஸ் கடை ‘ஜே.சி. ஹிக்கின்ஸ்’ என்றும், பிறகு பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் பெயரிலும் லீவர் ரைஃபிள்களை விற்றது. மான்ட்கோமரி வார்டு ‘வெஸ்டர்ன் ஃபீல்டு’ என்ற பெயரை வைத்துக்கொண்டது. ஹிக்கின்ஸ் மாடல் 45 என்பது உண்மையில் மார்லின் ஆலையின் 336. டெட் வில்லியம்ஸ் மாடல் 100 என்பது வின்செஸ்டர் ஆலையின் 94. இரண்டையும் செய்தவர்கள் கனெக்டிகட் மாநிலத் தொழிலாளர்கள். அவர்கள் கடைந்த இரும்பின்மேல் ஒரு வியாபாரி தன் பெயரை அடித்துக்கொண்டான். இந்தத் துப்பாக்கிகளின் அசல்தன்மையை அந்தப் பெயரை வைத்து அளக்கவே கூடாது, ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் முடிவு.

ஆலையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. சியர்ஸ் மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் 103 இருந்தால் மார்லின், 273 இருந்தால் வின்செஸ்டர். நியூயார்க் மாநிலத்து நம்ரிச் உதிரிபாகக் கடையின் ஒப்பீட்டுப் பட்டியலும் கைகொடுக்கும். குழலுக்குள் வெளிச்சம் விட்டால் ஆழமில்லாத 12 சுழல் வரிகள் தெரிகின்றனவா? மார்லின் 1953இல் கொண்டுவந்த மைக்ரோ-குரூவ் முறைக்கு அது நல்ல சான்று. பட்டியல் இருக்கும்போது பட்டறைக்காரர் எதற்கு என்று கேட்கலாம். செய்தவர் யார் என்பதைப் பட்டியல் சொல்லும். செய்த நிலையிலேயே இருக்கிறதா என்பதைச் சொல்லாது. மார்லினின் உதிரிபாகங்கள் பல அதன் கடைப்பெயர்த் துப்பாக்கியிலும் பொருந்திவிடும் என்பதே சிக்கல். வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் இரு ஆலைகளின் பழைய பதிவேடுகளும் இருக்கின்றன. ஆனால் அவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பின் வந்த இந்தக் கடைத் துப்பாக்கிகளுக்குச் சாட்சி சொல்ல அவற்றின் உடம்பு மட்டுமே மிச்சம்.

அந்த உடம்பைப் படிக்கும் கருவி திருப்புளி. திருகைக் கழற்றுவதற்கு முன் பட்டறைக்காரர் அதன் தலையிலுள்ள பள்ளத்தைப் பார்க்கிறார். ஓரங்கள் கூர்மையாக, நிறம் மாறாமல் இருந்தால் அநேகமாக யாரும் கைவைக்கவில்லை. ஓரம் சிதைந்து வெளுத்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அடுத்து, கட்டையின் மரம் இரும்போடு சேரும் விளிம்பு. ஆலையில் மரம் இரும்பைவிடச் சற்றே எழும்பி நிற்கும். மறுபடி தேய்த்து மெருகேற்றியிருந்தால் தாழ்ந்திருக்கும். 1964க்குப் பிந்தைய வின்செஸ்டர் 94கள் பலவற்றின் ரிசீவர் (பொறி அமரும் கூடு) வேறு உலோகக் கலவை. வழக்கமான நீலப்பூச்சு அதில் சரியாகப் பிடிக்காமல் ஊதாச் சாயல் அடிக்கும். குழல் கருநீலமாகவும் ரிசீவர் ஊதாவாகவும் இருந்தால் மறுபூச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைத் துப்பாக்கி மலிவுச் சரக்குதானே, அதற்கு அசல் என்ன, நகல் என்ன என்பார்கள். மலிவு என்பது பாதி உண்மை. வால்நட்டுக்குப் பதில் சாயமேற்றிய பிர்ச் கட்டை, எளிய மெருகு என்று விலைக்காகச் சிலவற்றைக் குறைத்ததுண்டு. இயங்கும் பொறி அதேதான். அந்தக் குறைப்புதான் இதன் அசல் என்பதையும் மறக்கக் கூடாது. பிர்ச் கட்டையைக் கழற்றிவிட்டு மார்லினின் வால்நட் கட்டையைப் பூட்டினால் பார்வைக்கு உயரும், சான்று அழிந்துபோகும். ஒரு வேட்டைக்காரர் தன் உபயோகத்துக்காக உடைந்த கட்டையை மாற்றினால் அதில் தவறே இல்லை. தரகர் ஒருவர் அதே வேலையைச் செய்து, ‘அபூர்வமான அசல்’ என்று ஏற்றிய விலைக்குத் தள்ளுவதுதான் மோசடி. முதலில் தொழிலாளியின் ஆலைப் பெயர் மறைந்தது. இப்போது அவர் செய்த வேலையும் மறைகிறது. லாபம் இரண்டு தடவையும் இடையில் நின்றவருக்கே போகிறது. வாங்குபவர் விற்பவரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்கட்டும்: செய்த ஆலை, விற்ற கடை, பிறகு மாற்றிய உறுப்புகள். மூன்றாவதை எழுதத் தயங்குபவரிடம் அசலுக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.