நின்றபடி பார்த்த சீசன்

ஜெர்மனியில் கால்பந்து மைதானத்துக்குள் போக இரண்டு விதமான டிக்கெட் உண்டு. ஒன்று நாற்காலிக்கு. மற்றது, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கான்கிரீட் படிகளில் ஆட்டம் முழுக்க நின்று பார்ப்பதற்கு. 1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் அத்தனை பேர் செத்த பிறகு, இங்கிலாந்து தன் பெரிய மைதானங்களில் நிற்கும் இடங்களை எடுத்துவிட்டது. ஜெர்மானியர்கள் எடுக்கவில்லை. தடுப்புக் கம்பிகளைப் பலப்படுத்திவிட்டு, படிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் பல ஊர்களில் ஒரு கல்லூரி மாணவனால் இருபது யூரோவுக்குள் முதல்தர ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட முடிகிறது. ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவின் 2023-24 சீசனில் நான் ஊர் ஊராகப் போய்த் தேடியது அந்தப் படிகளைத்தான்.

அலைவதற்குத் தோதான காலம் அது. அப்போது மாதம் 49 யூரோவுக்கு ஒரு சீட்டு வாங்கினால் நாட்டின் எல்லா வட்டார ரயில்களிலும் ஏற முடிந்தது. அதிவேக ரயிலில் மட்டும் கூடாது. சனிக்கிழமை காலை அந்த மெதுவான ரயில்களில் ஏறினால் போதும், அன்றைக்கு எந்த ஊரில் ஆட்டம் என்று பெட்டியே சொல்லிவிடும். கழுத்தில் கம்பளித் துண்டு, காலடியில் பீர் பெட்டி, கதவோரம் நின்று பாடும் கும்பல். ஆட்டம் பிற்பகல் 3.30-க்குத்தான், பாட்டு பத்து மணிக்கே தொடங்கிவிடும்.

பிப்ரவரி 10 அன்று பெர்லினின் கிழக்குக் கோடியில் இருக்கும் கோப்பெனிக்கில் இறங்கினேன். ரயிலடியிலிருந்து மரங்களுக்கு நடுவே நடந்தால் யூனியன் பெர்லின் கிளப்பின் ஆல்ட்டே ஃபோர்ஸ்ட்டராய் மைதானம். 22,012 பேர் கொள்ளும். நாற்காலி 3,617 பேருக்கு மட்டுமே. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். 2008-ல் மைதானம் இடிந்துவிழும் நிலைக்கு வந்தபோது கிளப்பிடம் காசில்லை. ரசிகர்களே இறங்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளமில்லாமல் 1,40,000 மணி நேரம் வேலை செய்து படிகளைக் கட்டி, கூரை போட்டார்கள். ஸ்கோர் பலகையில் எண் அட்டையை இன்றும் ஓர் ஆள் கையால்தான் மாட்டுகிறார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு தடுப்புக் கம்பியைத் தட்டிக் காட்டி, "இது எங்கள் செட் போட்ட கம்பி" என்றார். சொந்த வீட்டுத் தூணைக் காட்டுகிற தோரணை.

எதிரணி வோல்ஃப்ஸ்புர்க். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே படிகளிலிருந்து டென்னிஸ் பந்துகள் பறந்து புல்லில் விழத் தொடங்கின. வீரர்கள் நின்றார்கள். மஞ்சள் மேலங்கிக்காரர்கள் வாளியோடு ஓடிவந்து பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்து வாளியோடு கோட்டைத் தாண்டியதும் அடுத்த கை பறந்தது. ஒரு வீரர் டென்னிஸ் பந்தைக் காலால் தட்டி விளையாடினார்; இன்னொருவர் குளிருக்குக் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. கைவிடப்படுமோ என்கிற கட்டம் வரை போய்த் திரும்பியது. பெரியவர் வீசவில்லை. ஆனால் வீசியவர்களைப் பார்த்து ஒரு முணுமுணுப்பும் அவரிடமிருந்து வரவில்லை.

கோபத்தின் காரணம் மைதானத்துக்கு வெளியே இருந்தது. 2023 டிசம்பர் 11 அன்று முதல் இரண்டு டிவிஷன்களின் 36 கிளப்புகள் கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்தின. லீக்கின் ஒளிபரப்பு, விற்பனை உரிமைகளுக்காக ஒரு துணை நிறுவனம் தொடங்கி, அதில் எட்டு சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பது, அதற்கு ஈடாக நூறு கோடி யூரோ வரை வாங்குவது என்பது திட்டம். தேவைப்பட்ட வாக்கு 24. விழுந்ததும் சரியாக 24. எதிர்த்து வாக்களிக்கும்படி ஹனோவர் கிளப் தன் பிரதிநிதிக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் அப்படிச் செய்தாரா என்கிற சந்தேகம் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஜெர்மன் ரசிகனுக்கு இது ஏன் இவ்வளவு உறுத்த வேண்டும்? இங்கே கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம். ஆண்டுச் சந்தா கட்டியவருக்குப் பொதுக்குழுவில் வாக்கு உண்டு. 1998-ல் கால்பந்துப் பிரிவைத் தனி நிறுவனமாக்க அனுமதி தந்தபோதே, வாக்குரிமையில் பெரும்பான்மை சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று விதி எழுதிவிட்டார்கள். ஐம்பது கூட்டல் ஒன்று என்பது அதன் பெயர். வெளியிலிருந்து ஒரு கோடீஸ்வரன் பணத்தோடு வரலாம், முதலாளியாக முடியாது. அந்த விதிக்குள் கொல்லைப்புறக் கதவு வைக்கிறார்கள் என்று படிகளில் நிற்பவர்கள் நினைத்தார்கள். டிசம்பரில் மைதானம் மைதானமாக முதல் 12 நிமிடங்கள் வாய் திறக்காமல் நின்றார்கள். பிறகு தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை வீசினார்கள், டென்னிஸ் பந்து வீசினார்கள், புகை கக்கும் ரிமோட் பொம்மைக் கார்களைப் புல்லில் ஓடவிட்டார்கள். பிப்ரவரி 21 அன்று லீக் திட்டத்தைக் கைவிட்டது. அந்த சீசனில் படிகள் பெற்ற மிகப் பெரிய வெற்றி எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறவில்லை.

பட்டியலில் ஏறிய அதிசயங்களுக்கும் குறைவில்லை. உல்மிலிருந்து சின்ன ரயிலில் போனால் ஹைடன்ஹைம். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சுற்றி. கோட்டை இருக்கும் மலைமேல் 15,000 பேர் கொள்ளும் மைதானம். மூச்சு வாங்க ஏற வேண்டும். பயிற்சியாளர் ஃபிராங்க் ஷ்மிட் அதே ஊர்க்காரர். 2007-ல் கிளப் வட்டார லீக்கில் கிடந்தபோது பொறுப்பேற்றவர், படிப்படியாக மேலே கொண்டுவந்து, இந்த சீசனில்தான் முதன்முறையாக முதல் டிவிஷனில் நிறுத்தியிருந்தார். ஏப்ரல் 6 அன்று பேயர்ன் மியூனிக் அங்கே 2-0 என்று முன்னிலை பெற்றது. இடைவேளைக்குப் பின் ஹைடன்ஹைம் மூன்று கோல் அடித்து வென்றது. சீசன் முடிவில் அவர்களுக்கு எட்டாம் இடம்.

2013 முதல் தொடர்ந்து பதினொரு முறை பட்டம் வென்றிருந்த பேயர்ன் இப்படி ஊருக்கு ஊர் தடுக்கி விழ, ஒரு முறைகூடத் தோற்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது லெவர்குசன். 2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்தபோது அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. அதற்கு முன் லீக் பட்டமே வாங்காத கிளப். 2000-ல் கடைசி நாளன்று சிறிய ஊரான உன்டர்ஹாகிங்கில் தோற்றுக் கோப்பையை விட்டார்கள். 2002-ல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாமிடம்.

ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. பிரேமனை வென்றால், ஐந்து ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே பட்டம். கொலோனிலிருந்து ரயிலில் போகும்போதே இரண்டு எஃகுத் தூண்களுக்கு நடுவே தொங்கும் பேயர் மருந்து நிறுவனத்தின் வட்டச் சின்னம் கண்ணில் படும். விட்டம் 51 மீட்டர். 1904-ல் அந்த ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் இது. மைதானத்தில் முப்பதாயிரம் பேருக்குத்தான் இடம். டிக்கெட் கிடைக்க வழியே இல்லை. ட்யூன் ஆற்றங்கரையோரம் நடந்து வாசல் வரை போய், சீட்டில்லாத கூட்டத்தோடு நின்றேன். தெருப் பலகையில் பழைய பெயரை மறைத்து 'ஷாபி அலோன்சோ சாலை' என்று யாரோ மாட்டிவைத்திருந்தார்கள். உள்ளே கோல் விழுந்தால் கூச்சல் முதலில் வரும். கைபேசியில் படம் அரை நிமிடம் பிந்தி வரும். கட்டிப்பிடித்துக் குதித்து முடித்த பிறகுதான் என்ன நடந்தது என்பதையே பார்த்தோம். 5-0. ஃப்ளோரியான் விர்ட்ஸ் மட்டும் மூன்று. ஐந்தாவது கோலோடு ரசிகர்கள் வேலி தாண்டி இறங்கிவிட, ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு, டோர்ட்முண்ட் போகும் ரயில். ஹம் நிலையத்தில் மஞ்சள் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் இந்தியாவோ?" என்றார். ரூர் பகுதியில் ஈழத்தமிழர்கள் நிறைய. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் சனம் வரும். "அப்பா எண்பத்தஞ்சில வந்தவர். வந்த வருசமே டோர்ட்முண்ட் பைத்தியம். ஷால்க எண்டு சொன்னா வீட்டில சோறில்லை" என்று, டோர்ட்முண்டின் பரம எதிரி அணியைச் சொல்லிச் சிரித்தார்.

டோர்ட்முண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கப் படிகளில் மட்டும் 24,454 பேர் நிற்கலாம். நடுவில் அகப்பட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தூக்கியபடியே. இறக்க இடம் பார்க்க வேண்டும். பீர் தம்ளர்கள் தலைகளுக்கு மேலேயே பயணம் செய்கின்றன. 81-ஆவது நிமிடத்தில் ஃபுல்க்ரூக் லெவர்குசனுக்கு எதிராக கோல் போட்டபோது காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. தோல்வியில்லாத தொடரை நாம்தான் முடித்தோம் என்று மொத்தப் படியும் நம்பியது. 97-ஆவது நிமிடத்தில் ஸ்டானிசிச் தலையால் முட்டிச் சமன் செய்தார். லெவர்குசனுக்கு இது புதிதல்ல; ஆக்ஸ்புர்க், லைப்சிக், ஹொஃபன்ஹைம் என்று அந்த ஆண்டு பலரையும் கடைசி மூச்சில்தான் வீழ்த்தியிருந்தார்கள்.

மே 18, கடைசி நாள். கோப்பையைக் கையில் கொடுப்பது லெவர்குசனில். நான் போனது மறுபடி கோப்பெனிக்குக்கு. சீசன் தொடக்கத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் ரியால் மாட்ரிட்டோடு மோதிய யூனியன், இப்போது கீழே விழும் விளிம்பில் நின்றது. எதிரணி ஃப்ரைபுர்க். 2011 இறுதியிலிருந்து அந்த அணியை நடத்திய கிறிஸ்டியான் ஷ்ட்ரைச்சுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 1-1 என்ற நிலையில் இன்ஜுரி டைமில் யூனியனுக்குப் பெனால்டி. வோலண்ட் அடித்தது வலையில் சேரவில்லை. திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளியவர் ஹாபரர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை ஃப்ரைபுர்க்குக்கு ஆடியவர். அந்த ஒரு கோலால் யூனியன் பிழைத்தது. அவர்களுக்குப் பதிலாக போஹும் கிளப் பிளே-ஆஃபுக்குத் தள்ளப்பட்டது. நடுவர் ஊதியதும் படிகளில் இருந்தவர்கள் புல்லுக்கு இறங்கிவிட்டார்கள்.

அதே நேரத்தில் லெவர்குசன் ஆக்ஸ்புர்க்கை வென்று 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி என்று கணக்கை முடித்திருந்தது. புண்டஸ்லிகாவில் ஒரு தோல்விகூட இல்லாமல் முழு சீசனை முடித்த அணி அதற்கு முன் கிடையாது. ஆனால் லெவர்குசன் உறுப்பினர்களின் கிளப் அல்ல. பேயர் நிறுவனத்தின் கிளப். நீண்ட காலத் தொடர்பைக் காட்டி ஐம்பது கூட்டல் ஒன்று விதியிலிருந்து விலக்குப் பெற்றது. விதியைப் படிகள் காப்பாற்றிக் கொடுத்த அதே ஆண்டில் விதிவிலக்கு கோப்பையை வாங்கிக்கொண்டது.

இதைக் கம்பி போட்ட அந்தப் பெரியவரிடமே கேட்டேன். அன்றும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கம்பெனி ஜெயித்திருக்கிறது. பேயர்ன் தோற்றிருக்கிறது. கூட்டிக் கழித்தால் லாபம்தான்."