கடலடியை நிறுக்கும் தராசு

புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் தராசை அறியாத பிள்ளை இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாய்மார் வரிசையில் நிற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆதலின் கடலடிப் பாறைகளின் அமைப்பை அறியும் முறையை எடுத்துரைக்க நாம் வேறு உவமை தேடி அலைவதில்லை.

விற்றராசு காட்டுவது பூமியின் இழுவையையே. அடியில் அடர்ந்த பாறை இருப்பின் இழுவை இம்மியளவு கூடும். இலேசான அடையல் இருப்பின் குறையும். புவியீர்ப்புமானி என்பதும் மிக நுண்ணிய விற்றராசே. அதன் அலகாகிய மில்லிகல், பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 20 கிலோ கொழுந்தில் அது 20 மில்லிகிராம். இலையோரத்திற் கிள்ளிய சிறு துணுக்கு!

இதைக் கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், இவ்வளவு நுட்பமாக நிறுக்க முடியுமென்றால், எங்கள் அம்மாவின் கொழுந்தில் ஈரத்துக்கு, கூடைக்கு என்று கிலோக்கணக்கில் ஏன் கழிக்கிறார்கள்?" என்றாள். வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பௌதிகவியலில் இதற்கு விடையில்லை என்று கூறித் தப்பவும் மனம் இடந்தரவில்லை. "கழிப்பவர் கணக்குக் காட்ட வேண்டும், பிள்ளாய். கடலில் நிறுப்போர் கழிப்பதற்கெல்லாம் கணக்குக் காட்டுகிறார்கள்" என்றோம்.

அக்கணக்கு எளிதன்று. கிழக்கு நோக்கி விரையும் கப்பலில் பொருளின் நிறை சற்றுக் குறையும். மேற்கு நோக்கின் கூடும். ஹங்கேரியரான எட்வெஷ் விளக்கிய இவ்விளைவைத் திருத்தியாக வேண்டும். அலையின் ஆட்டமோ பெருந்தொல்லை. அதற்காகவே ஒல்லாந்தரான வெனிங் மைனெஸ் 1923 இல் ஊசற் கருவியுடன் நீர்மூழ்கிக் கப்பலில் ஜாவாவுக்குப் பயணமாகி, அலையின் ஆட்டம் அடங்கிய ஆழத்தில் அளந்தார். இன்று செய்மதிகளும் கடல்மட்டத்தின் மேடுபள்ளங்களை அளந்து உதவுகின்றன.

இவ்வாறு துலங்கியவற்றுள் ஒன்று நம் அயலிலேயே உள்ளது. வங்காள விரிகுடாவில், கிழக்கு நெடுங்கோடு 85 பாகையை ஒட்டி ஒரு மலைத்தொடர் புதைந்து கிடக்கின்றது. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து கொணர்ந்த அடையல் கிலோமீற்றர்க்கணக்கில் அதை மூடியுள்ளது. இலங்கையின் தென்கிழக்கே வளைந்து, அபனாசி நிக்கித்தின் என்னும் கடல்மலை வரை அது செல்கின்றது. (இந்தியாவுக்கு வந்த பழைய ருசிய வணிகரின் பெயர் அது.)

மலை உள்ள இடத்தில் ஈர்ப்புக் கூட வேண்டுமன்றோ? தெற்கே கூடத்தான் செய்கின்றது. வட அகலக்கோடு 5 பாகையளவைக் கடந்தாலோ, குறைகின்றது! மலையின் பாரத்தாலும் அடையலின் பாரத்தாலும் கடலடி ஓடு கீழே அமிழ்ந்திருப்பதே காரணம் என்பர் ஆய்வாளர் சிலர். தராசு மட்டும் இவ்வழக்கைத் தீர்க்காது. ஒரே குறைவைப் பலவித அமைப்புகள் தரக்கூடும். ஒலியலைச் சோதனையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அம்மலைத்தொடர், எரிமலைக் குழம்பு பொங்கிய தடம் என்போர் உளர். அதனை ஒப்பாதோரும் உளர்.