யாம் வால்வு தேர்ந்த கதை

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கண ஆராய்ச்சி ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ இங்கு எழுதப் புகுந்தது இசைத்தட்டுக் கேட்கும் விரியலாக்கிக்கு வால்வு தேர்ந்த கதை. விஞ்ஞான ஆசிரியர்கள் எம்மைப் பொறுத்தருள்க. எம் செவியை நம்பி யாம் ஏமாந்தவாறும், அவ்வேமாற்றத்தினின்றும் எம்மை மீட்டவன் இக்கல்லூரி மாணவன் ஒருவனே என்பதும் இம்மலரில் இடம்பெறத் தக்கன என்று துணிந்தே எழுதுகின்றோம்.

எம் தந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர் சிறுவராயிருந்த காலத்துப் பரிசளிப்பு விழா ஒன்றில், மேடையின் ஓரத்தே வைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்புறத்திற் செந்தணல் போல் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய்களைக் கண்டு, பேச்சாளரை மறந்து அவற்றையே பார்த்திருந்தாராம். அந்த ஆசை வளர்ந்து, 1965ஆம் ஆண்டிலே தம் கையாலேயே ஒரு விரியலாக்கியை அமைத்து முடித்தார். முல்லாட் நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட 'ஐந்து பத்து' என்னும் சுற்றே அதற்கு மூலம். வால்வு ஐந்து, வலு பத்து உவாற்று என்பதே அப்பெயரின் பொருள். இராசரத்தினம்பிள்ளையவர்களின் தோடியை அப்பெட்டி வழியாகக் கேட்டு வளர்ந்தவர் எம் தமையன்மார். யாம் கேட்டது குறைவு. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எமக்கு வயது பத்து. அதன்பின் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலமே எம் இளமைக்காலம். வால்வுப் பெட்டிக்கோ ஏறக்குறைய முந்நூறு வோல்ற்று வேண்டும். ஆகவே, அது சீலை போர்த்தியபடி மூலையில் உறங்கிற்று.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, எடுத்துச் செல்லக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். தந்தையார் அப்பெட்டியின் ஐந்து வால்வுகளையும் கழற்றி, அம்மாவின் பழஞ்சேலைத் துண்டுகளிற் சுற்றி, ஒரு பால்மாத் தகரத்துள் அடுக்கினார். "அரிசி வைக்க இடமில்லை; இதுக்கு இடமோ?" என்று அம்மா கடிந்தார். "இரும்புப் பெட்டியை இன்னொருக்கா அடிக்கலாம். இந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற வெறுமையை எங்களால செய்யேலாது" என்றார் தந்தையார். அத்தகரம் எம் மடியிலிருந்தே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. 1996இல் மீண்டபோது, விழுந்த ஓடுகளுக்கடியில் இரும்புச் சட்டகமும் நிலைமாற்றிகளும் துருப்பிடித்துக் கிடந்தன. தந்தையார் அவற்றைத் துடைத்து வைத்தார். மின்சாரம் வந்த பின்னரும் அதனை இயக்கிப் பார்க்க அவருக்கு மனம் துணியவில்லை. இயக்காமலே காலமானார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்து, ஆசிரிய கலாசாலைப் பயிற்சியும் முடித்து, இல்லறத்திலும் நிலைபெற்ற பின்னர், அத்தகரத்தைத் திறந்தோம். அப்போதுதான் வால்வின் இலக்கணத்தை முறையாகக் கற்கத் தொடங்கினோம்.

காற்றகற்றிய குழாயினுள்ளே கதோட்டைச் சூடாக்கினால் அதினின்றும் இலத்திரன்கள் எழுந்து அனோட்டை நோக்கி ஓடும். 1904இல் பிளெமிங் என்பார் இதனை ஒருவழிக் கதவாகப் பயன்படுத்தினார். 1906இல் டி பொறெஸ்ட் என்பார் இடையில் மூன்றாவதாக ஒரு முனையைச் சேர்த்தார். அம்முனையே பின்னர் நெய்யரியாயிற்று. நெய்யரியிற் சிறிதளவு வோல்ற்றளவை மாற்றினால், அனோட்டுக்குச் செல்லும் ஓட்டம் பெரிதளவு மாறும். வாய்க்காலிற் பலகையைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் வயலுக்குப் பாயும் நீரை ஆளும் கமக்காரனின் தொழிலே நெய்யரியின் தொழில். இவ்வாறு பெருகும் அளவை விஞ்ஞான நூலார் 'நயம்' என்பர். செய்யுளில் நயம் தேடிப் பழகிய எமக்கு அச்சொல் உவகை தந்தது.

வால்வின் பெயரோ நன்னூலார் கூறும் பகுபதம் போன்றது; பிரித்தாற் பொருள் தரும். ஐரோப்பிய வழக்கிலே 'ஈ' என்னும் முதலெழுத்து, சூடாக்கிக்கு 6.3 வோல்ற்று வேண்டும் என்பதைக் காட்டும். 'சி' மும்முனை வால்வு. அது இரட்டித்து 'சிசி' என வந்தால் ஒரு குழாயினுள் அத்தகையன இரண்டு. 'எப்' சிறு ஒலியைப் பெருக்கும் ஐம்முனை வால்வு. 'எல்' ஒலிபெருக்கிக்கு வலுக் கொடுக்கும் இறுதி வால்வு. 'இசெட்' முழு அலைச் சீராக்கி. ஈற்றில் நிற்கும் எண்ணின் முதலிலக்கம் எட்டாயின், ஒன்பது ஊசியுடைய சிறு அடியினது. எனவே, எம் தந்தையாரின் பெட்டியில் இருந்த ஈஎப் 86 ஒன்று, ஈசிசி 83 ஒன்று, ஈஎல் 84 இரண்டு, ஈஇசெட் 81 ஒன்று ஆகிய ஐந்தின் தொழிலையும் பெயரே கூறிவிடும்.

ஈஎப் 86இன் உச்சியில் வெள்ளி போல் மின்ன வேண்டிய பூச்சு, பால் போல் வெளுத்திருந்தது. உள்ளே காற்றுப் புகுந்ததற்கு அதுவே அடையாளம். பட்டினத்தில் ஒலிபெருக்கி திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதற்கு மாற்றுப் பெற்றுப் பொருத்தினோம். பெட்டி பாடிற்று. ஆயினும், நாதசுரம் மேற்ஸ்தாயியை எட்டும்போதெல்லாம் சீலை கிழிவது போன்ற ஓரோசை எழுந்தது.

இங்கேதான் யாம் பிழைத்தோம். பழைய முல்லாட் வால்வுகளே இனியன. அவற்றுள்ளும் இங்கிலாந்தின் பிளக்பேண் ஆலையிற் செய்தவை தேன் போன்ற ஒலி தருவன என்று பலர் சொல்லக் கேட்டிருந்தோம். ஒலி கிழிவது வால்வின் முதுமையால் என்று எமக்குள்ளே தீர்ப்பும் எழுதினோம். கனடாவில் வாழும் மைத்துனர் வழியாக, அவ்வாலையிற் செய்த பயன்படுத்தாத ஈசிசி 83 இரண்டை வரவழைத்தோம். விலை எம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. அப்பணம் எம் மகளுக்கு வயலின் வாங்கவென்று மனைவியார் சிறுகச் சிறுகச் சேர்த்தது. "அடுத்த தவணைக்குள் திருப்பி வைப்போம்" என்று சொல்லி எடுத்தோம்.

புது வால்வைப் பொருத்திக் கேட்டோம். ஒலி விரிந்தது, கனிந்தது, தவிலின் தொப்பி ஆழ்ந்தது என்று எமக்குத் தோன்றிற்று. வீட்டிற்கு வந்தோரிடமெல்லாம் அதனை விதந்துரைத்தோம். அவர்களும் ஆம் என்றார்கள். எம் மகள் மட்டும், இரவல் வயலினிற் பயின்று வந்தவள், "அப்பா, மேல இன்னும் கிழியுது" என்றாள். "உனக்குக் கேட்கத் தெரியவில்லை" என்றோம். அச்சொல்லை இன்று நினைப்பினும் நாணுகின்றோம்.

சில நாட்களின் பின், உயர்தரத் தொழினுட்பப் பிரிவிற் பயிலும் எம் மாணவன் ஒருவன் தமிழ்க் கட்டுரையொன்றைத் திருத்துவிக்க வீட்டுக்கு வந்தான். விளக்கணைந்திருந்த அறையில் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பாட்டைக் கேளாது பெட்டியையே நோக்கி, "சேர், அந்த ஈஎல் 84இன்ர தகடு சிவக்குது. உடனே நிப்பாட்டுங்கோ" என்றான். உற்று நோக்கினோம். கதோட்டின் செம்மைக்குப் புறம்பே, ஒரு குழாயின் அனோட்டுத் தகடும் மங்கலாகச் சிவந்திருந்தது. அழகென்று அதனைப் பல மாலைகள் வியந்திருந்தோம்.

பல்மானியுடன் மறுநாள் வந்தான். நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் முந்நூறு வோல்ற்று வரை தங்கி நின்று ஆளைக் கொல்லக்கூடும் என்றும், ஒரு தடையியின் வழியாக அதனை வடித்த பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும் என்றும் முதலில் எமக்குப் பாடம் சொன்னான். பின், சிவந்த வால்வின் நெய்யரியை அளந்தான். அங்கு வோல்ற்றளவு இல்லாதிருத்தல் வேண்டும். நேராக நான்கு வோல்ற்று நின்றது. முன்னைய வால்வின் உயர் வோல்ற்றளவைத் தடுத்து, ஒலியை மட்டும் கடத்த வேண்டிய கொள்ளளவி முதுமையாற் கசிந்திருந்தது. அக்கசிவால் வால்வு அளவிறந்த ஓட்டத்தை இழுத்துச் சிவந்தது, ஒலியும் கிழிந்தது. வேறொரு பிழையையும் கண்டான். நிலைமாற்றி 220 வோல்ற்றுக்கு இணைக்கப்பட்டிருக்க, வீட்டு மின்சாரம் 238 ஆக நின்றது. 6.3 இருக்க வேண்டிய சூடாக்கியில் 6.8. இணைப்பை 240க்கு மாற்றினான், 6.25 ஆயிற்று. கசிந்த கொள்ளளவிகளையும் வற்றிய வேறு சிலவற்றையும் மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய். வெந்து கெட்ட ஈஎல் 84க்காக, இக்காலத்தில் சிலோவாக்கியாவில் செய்யப்படும் புதிய இணையொன்றை வாங்கினோம். கிழிவு ஒழிந்தது. எம் மகள் ஒன்றும் சொல்லவில்லை; எம்மைப் பார்த்தாள்.

எனினும், பிளக்பேண் வால்வின் இனிமையாவது உண்மையன்றோ என்று எம் மனம் வாதாடிற்று. அதனை அறியவும் மாணவனே வழி சொன்னான். பெட்டியைத் திரைக்குப் பின் வைத்து, விலையுயர்ந்த ஈசிசி 83ஐயும் சிலோவாக்கியாவின் புதிய ஈசிசி 83ஐயும் எமக்குத் தெரியாது மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒலியளவைச் சமப்படுத்தி, மூன்று மாலைகளிற் பன்னிரு முறை கேட்கச் செய்தான். எது எதுவெனக் கூறியவற்றுள் ஐந்தே சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஆறு சரியாயிருத்தல் கூடும்.

காரணத்தையும் அவன் விளக்கினான். இத்தகைய சுற்றுக்களில் எதிர்ப் பின்னூட்டல் என ஓர் ஏற்பாடு உண்டு. 1927இல் அமெரிக்காவில் பிளக் என்பார் கண்டது அது. வெளியேறும் ஒலியிற் சிறு பங்கைத் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பி, உள்ளே சென்றதுடன் ஒப்பிட்டுப் பிழையைக் குறைப்பது. அதனால் நல்ல வால்வுகளுக்கிடையேயுள்ள சிறு வேற்றுமைகளும் பெரிதும் அடங்கிவிடும். பின்னூட்டல் இல்லாத சுற்றுக்களில், ஒற்றை மும்முனை வால்வு மூலச் சுரத்தோடு அதன் மேற்ஸ்தாயிச் சுரத்தையும் சிறிதளவு கலந்து தரும். சுருதிக்கு இயைந்த கலப்பாதலின் செவிக்கு அது கனிவாகத் தோன்றும். அங்கு வால்வு தேர்தல் ஒலியை மாற்றுவதுண்டு. எந்தச் சுற்று என்று அறியாது எந்த வால்வு என்று வினவுதல், இடம் நோக்காது சொல்லுக்குப் பொருள் கூறுவதை ஒக்கும்.

வீட்டிற் பழைய பெட்டி வைத்திருக்கும் அன்பர்க்கு யாம் பட்டறிந்து கூறுவன சில. முதலிற் பெட்டியைத் தக்கவரைக் கொண்டு திருத்துவிக்க. நோயுற்ற பெட்டியில் எவ்வால்வும் இனிக்காது. பெயர் முழுதும் ஒத்த வால்வையே இடுக. ஈசிசி 83இன் பெருக்கக்காரணி நூறு, ஈசிசி 82இனது இருபதுக்குங் குறைவு. ஊசிகள் பொருந்துவதாலே தொழிலும் பொருந்திவிடாது. இறுதி வால்வுகளை, ஓட்டம் ஒத்த இணையாகவே வாங்குக. முதல் வால்வைப் பென்சிலின் நுனியால் மெல்லத் தட்டுக. மணி போல் ஒலிபெருக்கியில் எதிரொலித்தால் அதனை விலக்குக, ஏனெனில் முதலிற் புகும் இரைச்சலே எல்லா வால்வுகளாலும் பெருக்கப்படும். கண்ணாடியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பற்க. பழைய வால்வுக்குப் புதுப்பெயர் பூசுவோரும் உளர். கேட்டுத் தேர்வதாயின் காணாது கேட்க.

விலையுயர்ந்த அவ்விரு வால்வுகளுள் ஒன்றைக் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். மற்றையதை வாங்கியதிற் குறைந்த விலைக்கு விற்றோம். குறைந்த பங்கைப் பரீட்சை விடைத்தாள் திருத்திய வேதனத்தால் நிரப்பி வயலின் வாங்கினோம். இரு தவணை பிந்திற்று. கொடுத்த அன்று மகளிடம், "கேட்கத் தெரியாதவர் யாமே" என்று ஒப்புக்கொண்டோம்.

எம் பெட்டியில் இப்போது பாடுவது, பால்மாத் தகரத்துள் நாவற்குழி கடந்த தந்தையாரின் ஈசிசி 83. ஒலி சிறந்ததென்று அதனைத் தேர்ந்தோமல்லோம்; எம் செவி வேறுபாடு காணவில்லை என்பது நிறுவப்பட்டுவிட்டது. எம் தந்தையார் காத்த வெறுமை அது. மாலையில் அது மெல்லச் சிவக்கும்போது, அடுத்த அறையில் மகள் சுருதி சேர்ப்பாள். அவ்வேளையில் யாம் பெட்டியை நிறுத்திவிடுவோம்.

மாணவரிடமிருந்து கற்கும் பேறு ஆசிரியர்க்கு வாய்க்கும் கல்லூரி இது. அது பல்லாண்டு வாழ்க!