வாட்டம்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது பழமொழி. குடியிருக்கும் வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டிய ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார். புதுவீடு கட்டுவோர் குடிபுகும் நாள்வரை வேறிடத்தில் இருந்துகொள்ளலாம். குளியலறையை மாற்றுவோர்க்கு அந்த வசதி இல்லை. தூசியில் உண்டு, தூசியில் உறங்கி, 'இன்று எங்கே குளிப்பது?' என்னும் கேள்வியோடு விழிக்க வேண்டும்.

தில்லி மயூர் விகாரில் பழைய அடுக்ககம் ஒன்றின் முதல் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தை, தாய், ஏழாம் வகுப்பு பயிலும் மகள் என மூவர். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. ஐந்தடி அகலம், ஏழடி நீளம், கழிப்பிடமும் அதற்குள்ளேயே. குழாய்களின் வாயில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சுவருக்குள் புதைந்த இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து, காலையில் முதல் வாளி நீர் செம்மண் கரைசல்போல் வரும். அதற்கெல்லாம் அவர்கள் பழகிவிட்டிருந்தனர்.

பழக முடியாத இரண்டு செய்திகள் அந்த ஆண்டு வந்து சேர்ந்தன. முதலாவது, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். அங்கே ஓய்வுபெற்ற பஞ்சாபி ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். அவர் சண்டைக்கு வரவில்லை. மூன்று முறை மாடியேறி வந்து, தந்தையைக் கையோடு அழைத்துச் சென்று, பூச்சு உதிர்ந்த இடத்தை மட்டும் காட்டினார். சண்டையைவிட அது கடினமாக இருந்தது. இரண்டாவது, ஆச்சியின் வருகை. திருநெல்வேலியில் தனித்திருந்த தந்தையின் தாயார், கார்த்திகை பிறந்ததும் தில்லிக்கே வந்துவிட இசைந்திருந்தார். வயது 74; முழங்கால்கள் மடங்க மறுத்தன. பழைய கழிப்பிடமோ குந்தி அமரும் வகையைச் சேர்ந்தது.

வேலைக்கு வந்த கொத்தனார் பீகாரின் தர்பங்காவைச் சேர்ந்தவர். வடநாட்டு வழக்கில் 'மிஸ்திரி'. பன்னிரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். எல்லாக் கொத்தனார்களும் சொல்லும் கணக்கு அது. மகளோ கடல்நீல நிறத்தில் பளபளக்கும் டைல்ஸ்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவை. நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஒரே ஊரைச் சுற்றித்தான் நடைபெறுகிறது. நான்கு சுவர்களிலும் நீலம் என்பது அவள் கனவு.

தரையை உடைத்த இரண்டாம் நாள், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கழிவுநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று எப்போதோ விரிசல் கண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த செங்கல் சல்லி சேறாகிக் கிடந்தது. கீழ்வீட்டுக் கூரையின் ஈரத்திற்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்வதா, செலவு ஒன்றரை மடங்கானதை எண்ணி வருந்துவதா என்று தெரியாமல் தந்தை கையேட்டில் எண்களை அடித்து அடித்து எழுதினார். முடிவில் நீல டைல்ஸ் ஒரே வரிசையாகச் சுருங்கியது. மற்றவை மலிவான வெள்ளை. மகள் அன்றிரவு பேசவில்லை.

தந்தை அங்கே சரியாகவே செலவிட்டார் எனலாம். டைல்ஸ் பதித்த தரையில் நீர் இறங்காது என்று பலரும் எண்ணுகின்றனர். டைல்ஸ் நீரைத் தடுப்பது உண்மையே; ஆனால் இரண்டு டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள இணைப்புப் பூச்சு முழுதும் தடுப்பதில்லை. அதன்வழி சொட்டுச் சொட்டாக இறங்கும் நீரைக் கீழே மறித்து நிறுத்துவது, தளத்தின்மேலும் சுவரின் அடிப்பகுதியிலும் பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சு. வேலை முடிந்தபின் அது கண்ணில் படாது. அதனாலேயே பலர் அதில் சிக்கனம் செய்கின்றனர். பூச்சு காய்ந்தபின் வடிகாலை அடைத்து, அறையில் நீரை நிரப்பி, இரண்டு நாள் தேக்கி வைப்பது கட்டடத் தொழிலின் முறை. முதல் முறை தேக்கியபோது கீழே குழாயைச் சுற்றி வளையல்போல் ஓர் ஈரத்தடம் தோன்றியது. மீண்டும் பூசி, மீண்டும் தேக்கினர். இரண்டாம் முறை கூரை காய்ந்தே இருந்தது. ஆசிரியை நாற்காலியைப் போட்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தாராம்.

இத்தனை நாளும் குடும்பம் எங்கே குளித்தது? அந்த ஆசிரியையின் வீட்டில்தான். இடிக்கத் தொடங்கிய மறுநாள், தம் வீட்டு மறுசாவியை அவரே தாயிடம் கொடுத்துவிட்டார். அவருடைய கூரையைக் கெடுத்தவர்கள் அவருடைய வாளியில் குளித்தனர்.

பன்னிரண்டு நாள் ஒன்றரை மாதமாயிற்று. தீபாவளி வந்தது. தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு மிஸ்திரி ஊருக்குப் போனார். பீகார் மக்கள் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நின்று கதிரவனை வழிபடும் திருநாள் அது. பொங்கலுக்கு ஊர் செல்ல வண்டியில் இடம் கிடைக்குமா என்று தவிக்கும் குடும்பம், அவரைப் 'போகாதே' என்று எப்படிச் சொல்லும்? அவர் திரும்பியபோது தில்லியைப் புகைமூட்டம் சூழ்ந்திருந்தது. காற்று மாசு மிகும் நாள்களில் அங்கே கல் அறுப்பது, இடிப்பது போன்ற தூசி எழுப்பும் வேலைகளுக்குத் தடை விதிப்பதுண்டு. மேலும் சில நாள்கள் போயின.

இதற்கிடையில் ஆச்சி, திருக்குறள் விரைவு வண்டியில் வந்து நிஜாமுதீன் நிலையத்தில் இறங்கிவிட்டார். யாருக்காகக் குளியலறை கட்டப்பட்டதோ அவர், அது முடியாமையால் நாள்தோறும் பதினெட்டுப் படிகள் இறங்கி ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்றார். முறையிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்திரி, மாலையில் விளக்கு வைத்துக்கொண்டு இரவுவரை வேலை செய்து, தரை டைல்ஸை ஒரே நாளில் பதித்து முடித்தார். பரிவால் வந்த அவசரம்.

மறுநாள் காலை ஆச்சி கதவோரம் நின்று ஒரு செம்பு நீரைத் தரையில் ஊற்றினார். நீர் ஓடிற்று. ஆனால் எல்லாம் ஓடவில்லை. கால் வைக்கும் மூலையில் தாம்பாளம் அளவுக்குத் தேங்கி நின்றது.

"ஏட்டி, இந்த மூலையில வாட்டம் இல்லைன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லு" என்றார்.

பேத்தி தமிழ்ப் பாடத்தில் 'வாட்டம்' என்றால் சோர்வு, வருத்தம் என்று படித்திருந்தாள். ஆகவே, 'ஆச்சிக்கு இந்த மூலையில் வருத்தம் ஒன்றும் இல்லையாம்' என்று இந்தியில் மொழிபெயர்த்தாள். மிஸ்திரி மகிழ்ந்து கைகூப்பினார். ஆச்சி தலையை அசைத்துவிட்டு இன்னொரு செம்பு ஊற்றினார். இம்முறை விரலால் மூலையைக் காட்டி, உள்ளங்கையைச் சரித்து, நீர் எப்படி ஓடவேண்டும் என்று காட்டினார். மிஸ்திரியின் முகம் மாறியது. குனிந்து பார்த்து, "டால்" என்றார். இந்தியில் சரிவுக்கு அதுதான் பெயர்.

கொத்தனார் பேச்சில் வாட்டம் என்பது நீர் வடிவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு போதும். கண்ணுக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும். திருநெல்வேலியில் வீடு கட்டியபோது நாள்முழுதும் உடனிருந்தவர் ஆச்சி. ரசமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை என ஒவ்வொன்றாகக் கேட்டார். மிஸ்திரி 'லெவல்' என்றும் 'சாஹுல்' என்றும் கருவியை எடுத்துக் காட்டினார். நீர் வடியும் குழியை ஆச்சி 'அங்கணக்குழி' என்று சொன்னபோது பேத்தி சிரித்தாள். அங்கணம் என்னும் சொல் திருக்குறளில் வருகிறது என்று தந்தை சொன்னபின் சிரிப்பு நின்றது.

கலவை இன்னும் இறுகவில்லை. ஆறு டைல்ஸ்களைப் பெயர்த்து, வாட்டம் திருத்தி, மீண்டும் பதித்தார் மிஸ்திரி. அந்த மூலை அப்படியே இருந்திருந்தால், சோப்பு நீர் தேங்கும் இடத்தில்தான் ஆச்சி நாள்தோறும் கால் வைத்திருப்பார்.

மற்ற வேலைகள் விரைவில் முடிந்தன. கதவு வெளிப்புறம் திறக்குமாறு மாற்றப்பட்டது. உள்ளே எவரேனும் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். பிடித்து எழுவதற்கான எஃகுக் கம்பியைப் பொருத்துமுன் உயரத்தை அளக்க ஆச்சியை அமரச் சொன்னார்கள். "நான் என்ன கிழவியா?" என்று அவர் கோபித்தார். பிறகு அமர்ந்து, கை எட்டிய இடத்தைத் தாமே தொட்டுக் காட்டினார். மிஸ்திரி அங்கே பென்சிலால் கோடிட்டு, டைல்ஸோடு நில்லாமல் செங்கல்வரை துளையிட்டுக் கம்பியை முடுக்கினார். நீல வரிசை அந்தக் கம்பியின் உயரத்திலேயே ஓடுகிறது. அதை அங்கே வைக்கச் சொன்னவள் பேத்தி.

கீழ்வீட்டுக் கூரை உடனே உலரவில்லை. ஊறிய தளம் காயத் தில்லியின் குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டது. மாசி பிறந்த பிறகே அங்கே வெள்ளையடித்தனர். செலவைக் கொடுக்கத் தந்தை சென்றபோது ஆசிரியை வாங்க மறுத்தார். மூன்று நாள் பேச்சுக்குப்பின் சுண்ணாம்பின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டார். மறுசாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.