புதுவையிற் கண்ட பிரெஞ்சு வழக்கங்கள்

போடிநாயக்கனூரிற் பிறந்த எமக்கு மேற்கே மலை. கிழக்கே பிற யாவும். விடியுமுன் பெண்டிர் நிறைந்த ஜீப்புகள் போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்கு ஏறுவதும், ஆங்கு உலர்த்திய காய் கீழிறங்கி எம்மூர்க் கிடங்குகளில் அளவு பிரிக்கப்பெறுவதும் யாம் அறிந்த உலகம். அக்கிடங்குகளுள் ஒன்றில் எம் அன்னையார் நாட்கூலிக்குக் காய் தெரிபவர். இதனை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். கூறவேண்டிய இடத்திற் கூறாது விட்டமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற சனவரித் தொடக்கத்தில், உடன் பயிலும் நண்பர் அழைக்கப் புதுச்சேரி சென்றோம். அந்நகரின் ஆட்சி 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் உடன்படிக்கை முழு வலிமை பெற்றது. அதன் பின் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாயினர். நண்பரின் குடும்பம் அவற்றுள் ஒன்று. பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்தோரைப் புதுவை மக்கள் 'சொல்தா' என்பர். நண்பரின் பாட்டனார் ஒரு சொல்தா. அவருடன் பல்லாண்டு பிரான்சில் வாழ்ந்து திரும்பிய ஆயா அவ்வீட்டின் தலைவி.

அன்னையார் தம் கூலிப் பணத்தில் வாங்கித் தந்த காற்கிலோ ஏலக்காயை ஆயாவிடம் கொடுத்தோம். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பசுங்காய். அவர் முகர்ந்து பார்த்து, "வீட்டில் ஏலக்காய் வியாபாரமோ, தம்பி?" என்றார். "ஆம்" என்றோம். அவ்வொரு சொல் அன்றிரவு எம்மை உறங்க விட்டிலது.

மறுநாட் காலை ஆயாவுடன் ரொட்டி வாங்கச் சென்று, கடையினுட் புகுந்ததும், "ரொட்டி இருக்கிறதா?" என்றோம். "முதலில் வணக்கம் சொல்" என்று ஆயா எம் தோளைத் தொட்டார். பிரான்சில் 'பொன்ழூர்' என்னாமற் பொருள் கேட்பது கடைக்காரரை மனிதராக எண்ணாமையாம். பொருள் பெற்றபின் 'மெர்சி' என்று நன்றி கூறுவதும், வெளியேறுங்கால் விடைபெறுவதும் அங்ஙனமே கடமை.

உணவு மேசையிலும் பல புதுமை கண்டோம். ரொட்டியைத் தட்டில் வையாது மேசை விரிப்பின்மீதே வைக்கின்றனர். கைகளை மடியில் மறைத்தல் ஆகாது. மணிக்கட்டு மேசை விளிம்பில் தோன்ற வேண்டும். உணவின் பின் பாற்கட்டி, அதன்பின் இனிப்பு, இறுதியிற் காப்பி. எம் வீட்டில், உண்ணும்போது பேசாதே என்பர். ஆங்கோ பேசாதிருத்தலே குறை.

தமிழ் பயிலும் எம்மை மிகவும் ஈர்த்தது வேறொன்று. பிரெஞ்சு மொழியில் 'த்யு' என்பது நீ. 'வூ' என்பது நீங்கள். நம் மொழியிற் போலவே பன்மை ஒருவர்க்கு மதிப்பாகின்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறி அன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒதுக்குவார். அவர் ஒதுக்கியதை மக்கள் விட்டாரல்லர். ஆயா தம் வீட்டு வேலை செய்யும் அம்மையாரையும் "வாருங்கள், அமருங்கள்" என்றே கூறினார். எம்மூரிலோ, கணக்கப்பிள்ளையின் சிறுமகனும் எம் அன்னையாரை "ஏ, இங்கே வா" என்பான். அதனை வழக்கமென்றே யாம் அதுகாறும் கேட்டிருந்தோம்.

சனவரி 6ஆம் நாளை ஒட்டிய ஞாயிறன்று, ஞானியர் மூவர் திருநாளுக்கென வாதுமைப் பூரணம் வைத்த 'கலெத்' என்னும் அப்பம் வந்தது. எம் திருச்சபையில் அந்நாளிற் பாட்டும் வாசிப்பும் உண்டு; அப்பம் இல்லை. அதனுள் சிறு பீங்கான் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும்; அது வாய்க்கப்பெற்றவரே அன்றைய அரசர். வீட்டில் இளைய பிள்ளை மேசைக்கடியில் அமர்ந்து, ஒவ்வொரு துண்டும் யார்க்கென்று கூவும். எதிர்பாராது வரும் ஏழைக்கென ஒரு துண்டு தனியே வைக்கப்பெறும்.

பொம்மை எம் துண்டில் இருந்தது. பொற்காகித முடி சூட்டினர். ஆயா சிரித்து, "அரசே, வியாபாரத்தை நடத்துவது அப்பாவா, அம்மாவா?" என்றார்.

முடியைக் கழற்றி வைத்தோம். "வியாபாரம் இல்லை, ஆயா. அம்மா கிடங்கிற் கூலிக்குக் காய் தெரிபவர். அன்று பொய் சொல்லிவிட்டோம்."

மேசை அமைதியாயிற்று. ஆயா சிறிது பொழுது தம் கைகளையே நோக்கியிருந்து கூறினார்: "பாரிசில் நான் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கினேன், தம்பி. விடியுமுன் போய், பிறர் வருமுன் வந்துவிடுவேன். இதை என் பேரனுக்கே இன்றுவரை சொன்னதில்லை." நண்பர் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தார். ஆயா தனியே வைத்த துண்டைத் தாளிற் சுற்றி எம்மிடம் நீட்டி, "இதை ஏழையின் பங்கு என்று எண்ணாதே, வர முடியாதவர் பங்கு. அம்மாவுக்குக் கொடு" என்றார்.

ஊர் திரும்பி, நிகழ்ந்தவற்றை மறையாது அன்னையாரிடம் சொன்னோம். அவர் பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்டிலர். அப்பத்தை மென்று, "நன்றாக இருக்கிறது, ஏலக்காய் போடவில்லையே" என்றார்.

மறுநாள் கிடங்கிற்குச் சென்று, வாயிலில் நின்று அனைவர்க்கும் வணக்கம் கூறினோம். பெண்டிர் நகைத்தனர், ஒருவர், "ஓட்டுக் கேட்க வந்தாயோ?" என்றார். அன்னையார் நகைத்திலர். தாம் இருந்த சாக்கிற் சிறிது நகர்ந்து இடம் தந்தார். யாம் அமர்ந்து, நண்பகல் மணி அடிக்குமளவும் அவருடன் காய் தெரிந்தோம்.